கருந்தக்காளி ரகங்கள்: கொங்கு நாட்டு மாடிக்கு எது ஒத்து வரும்?

பேரூர்மாடி:
மொட்டை மாடி. 15க்கு 15 அங்குலப் பை எட்டு. மேற்கே தடுப்பு எதுவும் இல்லை, ஆடிக் காத்து நேரா வந்து அடிக்கும். சிறுவாணித் தண்ணி கொஞ்சம், மிச்சமெல்லாம் போர் தண்ணி, டி.டி.எஸ். (கரைஞ்ச உப்பு அளவு) 1,100. கையில் இருக்கிற விதை: செரோக்கி பர்ப்பிள், பிளாக் கிரிம், பால் ராப்சன், பிளாக் செர்ரி, இண்டிகோ ரோஸ். பி.கே.எம். 1 என்கிற குட்டைச் சிவப்புத் தக்காளி வளர்த்துப் பழக்கம். ஆளுயரத்துக்கு மேலே போகிற கொடி ரகம் புதுசு. எட்டுப் பையில் எதை எத்தனை வைக்கலாம்? ஆடிப்பட்டத்திலேயே நாத்து விட்டுடலாமுங்களா?

கரிசக்காடு:
ஆடியில விடாதீங்க. ரகத்தை அப்பறம் பேசிக்கலாம், முதல்ல நாள் கணக்கைப் போடுங்க.

பெரிய கருந்தக்காளிக்கு நாத்துல 28 நாள். நட்டதுல இருந்து முதல் பழத்துக்கு 75–80 நாள். இதுல பிஞ்சு பிடிச்சு பழுக்கறதுக்கு மட்டும் 45–50 நாள் போயிரும். ஆடி முதல் வாரம் விதைச்சா ஆடிக் கடைசியில நடவு, புரட்டாசியில பூ, ஐப்பசிக் கடைசியில பழம். நிறம் திரும்பற நேரமும் வடகிழக்கு மழையும் ஒண்ணா வந்து சேரும். இந்த ரகங்களுக்குத் தோல் மெல்லிசு. ஒரு ராத்திரி மழைக்குக் காம்பைச் சுத்தி இருக்கிற தோள்பட்டையெல்லாம் வெடிச்சு நிக்கும். நடவு ஆன புதுசுல ஆடிக் காத்துல தண்டு ஒடியறது தனி.

ஆவணிக் கடைசி வாரம் விதைங்க. புரட்டாசிக் கடைசியில நடவு. மழைக்காலம் பூராவும் செடி வளர்ற பருவத்துல போயிரும். கார்த்திகை பொறந்ததும் பூ, மார்கழி பாதியில இருந்து பழம், மாசி வரைக்கும் ஓடும். கோயமுத்தூர்ப் பக்கம் ராத்திரி 18–20 டிகிரிக்கு இறங்கறது மார்கழி, தையில மட்டும்தான். பெரிய பழ ரகத்துக்கு அந்த ரெண்டு மாசத்தை விட்டா வேற நேரம் கிடையாது.

ராத்திரிச் சூடு 21–22க்கு மேல, பகல் 32க்கு மேல நின்னா மகரந்தம் கெட்டுப்போகும். பூ உதிர்ற அன்னிக்கு வெயிலைத் திட்டுறோம். கெட்டது அன்னிக்கு இல்லீங்க, பூ விரியறதுக்கு எட்டுப் பத்து நாள் முன்ன, மொட்டுக்குள்ள. அதனால சூடு தணிஞ்ச பொறவும் ஒரு வாரம் பத்து நாளைக்குப் பூ கொட்டும். அதைப் பார்த்துட்டு உரத்தை மாத்தாதீங்க.

நாற்றங்கால்:
ரகத்துக்குப் போகும் முன் ஒன்று. 'கருப்பு' என்று விற்கப்படுபவை இரண்டு வேறு சாதி. இதைப் பிரித்துப் பார்க்காமல் ஒப்பிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

முதல் வகை செரோக்கி பர்ப்பிள், கிரிம், ராப்சன், பிளாக் செர்ரி. பழம் பழுக்கும்போது பச்சையம் சிதைந்து போக வேண்டும். இவற்றில் ஜி.எஃப். (green flesh, பச்சைச் சதை) என்னும், தானாக நேர்ந்த மரபணுப் பிறழ்வால் அது முழுதும் சிதையாது. உள்ளே லைக்கோபீன் சிவப்பும் ஏறும், பச்சையும் நிற்கும். சிவப்பும் பச்சையும் கலந்தால் பழுப்பு. அதன்மேல் தோல் நிறமற்றதாக இருந்தால் ஊதா கலந்த ரோஜா நிறமாகத் தெரியும், மஞ்சள் தோலாக இருந்தால் செங்கல் கலந்த பழுப்பு. செரோக்கி பர்ப்பிளுக்கும் செரோக்கி சாக்லேட்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தோல் மட்டும்தான். வெட்டினால் விதையைச் சுற்றிய சாறு பச்சையாக இருப்பதுதான் இந்த வகைக்கு அடையாளம். காய் பழுக்கவில்லை என்று தூக்கி எறிய வேண்டாம்.

இரண்டாவது வகை இண்டிகோ ரோஸ். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் காட்டுத் தக்காளி இனங்களின் குணத்தைக் கலந்து உருவாக்கி 2012இல் வெளிவந்தது. பாரம்பரிய ரகம் அல்ல, ஆனால் வீரிய ஒட்டும் அல்ல. விதை எடுத்துப் போட்டால் அதே குணம் வரும். இதில் கருப்பு என்பது தோலில் மட்டும் ஏறும் அந்தோசயனின், நாவல் பழத்திலும் கத்தரித் தோலிலும் உள்ள சாயம். உள்ளே சாதாரணச் சிவப்பு. வெயில் படாத இடத்தில் கறுக்காது. காம்பு இதழை நீக்கிப் பார்த்தால் அதன் கீழே நட்சத்திரம் போல நிறமில்லாத தடம் இருக்கும்.

'பாரம்பரியம்' என்ற சொல்லையும் தளர்வாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். செரோக்கி பர்ப்பிள் 1990இல் அமெரிக்காவின் டென்னசியிலிருந்து பெயரில்லாத விதையாக, தக்காளி விதை சேகரிப்பாளர் கிரெய்க் லெஹூலியருக்கு வந்து, அவர் வைத்த பெயர். செரோக்கி என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்களிடமிருந்து நூறாண்டுக்கு முன் வந்தது என்பது அந்த விதையோடு வந்த செய்தி. பிளாக் செர்ரி ஃப்ளோரிடாவில் அண்மைக் காலத்தில் உருவானது. தோட்டத்துக்கு இதெல்லாம் முக்கியமில்லை, விதை விலையைக் கூட்டிச் சொல்பவருக்கு முக்கியம்.

ஊத்துக்குளிவெண்ணெய்:
ஒவ்வொண்ணா வரேனுங்க.

பிளாக் செர்ரி: ஒரு பை போதும்னு நினைப்பீங்க, ரெண்டு வையுங்க. பழம் ஒரு அங்குலம், 20 கிராம் சுமார். நட்டு 65 நாள்ல வந்துரும். பெரிய ரகமெல்லாம் பூவை உதிர்க்கிற சூட்டுலயும் இது ஓரளவு பிஞ்சு பிடிக்கும், பங்குனி வரைக்கும் இழுத்துட்டுப் போகும். குறைன்னா செடியோட ஆட்டம். ஏழெட்டு அடி போயும் நிக்காது. பழுத்ததைப் பறிக்காம விட்டா கொத்துலயே வெடிக்கும்.

செரோக்கி பர்ப்பிள்: ருசியில முதல். பழம் 250–350 கிராம். காய் குறைவாத்தான் வரும், ஒரு கொத்துல ரெண்டு மூணு நின்னா போதும்னு இருக்கணும். தோள் பச்சையாவே நிக்கும், கழுத்தைச் சுத்தி வட்டமா வெடிப்பு வரும். அது ருசியைக் கெடுக்காது, ஆனா அந்த வெடிப்புல பூஞ்சணம் ஏறிரும்.

பிளாக் கிரிம்: கிரிமியாக்காரன். 250 கிராம் சுமார், செரோக்கியை விட உப்புச் சுவை கூட. வெடிக்கிறதுல இவனை மிஞ்ச ஆள் இல்லை. தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊத்தற வீட்டுல கிரிம் வேண்டாம்.

பால் ராப்சன்: பாடகர் பேரை ரஷ்யாக்காரங்க வெச்சது. மஞ்சத் தோல், செங்கல் நிறம், 200–300 கிராம். செரோக்கிக்குச் சமமா ருசி, கொஞ்சம் புளிப்பு தூக்கலா இருக்கும். நம்ம நாக்குக்கு இதுதான் ஒத்துப்போகும்னு என் கட்சி.

இண்டிகோ ரோஸ்: ஒறம்பரை வந்தா காட்டறதுக்கு நல்லாயிருக்கும்.

பேரூர்மாடி:
இண்டிகோவை ஒரே வரியில முடிச்சுட்டீங்களே!

ஊத்துக்குளிவெண்ணெய்:
அதுல சொல்றதுக்கு அவ்வளவுதானுங்க. சரி, ஒண்ணு நல்லது சொல்றேன். தோல் கெட்டி, வெடிப்பு கம்மி. கெட்டது: பிஞ்சுலயே கறுத்துரும், அதைப் பழம்னு பறிச்சுத் தின்னுட்டு வாய் கோணிக்கிறவங்கதான் அதிகம். அடிப்பாகம் பச்சையில இருந்து சிவப்புக்குத் திரும்பி, மேல இருக்கிற பளபளப்பு மங்கிக் கருஞ்சிவப்பா ஆகணும். அதுக்கு முன்ன தொடாதீங்க.

தாளவாடிமேடு:
கிரிம் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து. விதைப் பட்டியல்களில் 'வெயில் ஏற ஏற நன்றாகக் கறுக்கும்' என்று எழுதுவார்கள். அதை நம்பி ஈரோடு, கரூர்ப் பக்கம் மாசிக்கு மேல் காய்க்க விடுகிறவர்கள் உண்டு. கிரிமியாவில் பகல் சூடு இருந்தாலும் ராத்திரி இறங்கிவிடும். நம் சமவெளியில் மாசிக்குப் பிறகு ராத்திரி இறங்குவதில்லை. பழத்தின் சூடு 30–32க்கு மேல் போனால் லைக்கோபீன் உருவாவது தடைப்படும், மஞ்சள் நிறமிகள் மட்டும் ஏறும். பச்சையமும் மஞ்சளும் சேர்ந்தால் கிடைப்பது கருமை இல்லை, சேற்று நிறம். வெயிலில் நேராக நிற்கும் பழம் காற்றின் சூட்டை விடப் பல டிகிரி கூடுதலாகச் சுடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தாளவாடி, கடம்பூர் மலை, பர்கூர் போன்ற மேட்டு நிலத்தில் கிரிம்தான் என் முதல் தேர்வு. அங்கே ராத்திரி குளிர்ச்சி இருப்பதால் நிறமும் ருசியும் சேர்ந்து வரும். பதிலுக்குப் பனியும் இலைக் கருகலும் இருக்கும். ஆக 'கிரிம் வேண்டாம்' என்பதைச் சமவெளி மாடிக்கு என்று திருத்திக்கொள்ளலாம்.

ஊத்துக்குளிவெண்ணெய்:
ஒத்துக்கறேன். மாடின்னுதானுங்க கேட்டிருந்தாங்க.

பேரூர்மாடி:
கையில் இருக்கிற விதை சரியான விதைதானா என்று நட்ட பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? இணையத்தில் வாங்கியது. ஒரு பாக்கெட்டில் படத்தில் பழம் முழுக்க நீலமாக இருக்கிறது.

நாற்றங்கால்:
நீலப் படம் கணினி வேலை. தார் போல உள்ளும் புறமும் கறுத்த தக்காளியும் கிடையாது.

நாற்றிலேயே பிடிக்கக்கூடிய அடையாளம் இலைதான். உங்கள் ஐந்து ரகத்துக்கும் விளிம்பில் பல்போன்ற வெட்டு உள்ள சாதாரணத் தக்காளி இலை. ஜப்பானீஸ் பிளாக் டிரைஃபெலே, பிளாக் சீ மேன் போன்றவற்றுக்கு விளிம்பு வெட்டில்லாத உருளைக்கிழங்கு இலை. ஆக, டிரைஃபெலே என்று வாங்கியது சாதாரண இலையோடு வந்தால் அது கலப்பு அல்லது வேறு ரகம், ஐந்தாறு இலையில் பிடுங்கிவிடலாம். உங்கள் பட்டியலில் இருப்பதற்கு இந்தச் சோதனை எதிர்த்திசையில் உதவும்: உருளைக்கிழங்கு இலை வந்தால் பாக்கெட் பொய்.

அடுத்த அடையாளம் வளர்ச்சி. முதல் வகை நான்கையும் வளர்ச்சி முடிவற்ற கொடி என்பார்கள். தண்டு நுனி பூங்கொத்தில் முடிந்து, மூன்றடியில் புதராக நின்றுவிட்டால் அது செரோக்கியும் இல்லை, ராப்சனும் இல்லை. கடைசி அடையாளம் பழம்: வெட்டினால் பச்சைச் சாறு இல்லை, முழுச் சிவப்பு என்றால் முதல் வகையில் எதுவும் இல்லை.

இன்னொன்று: 'கருப்புத் தக்காளி விதை' என்று வாங்கி மணத்தக்காளி முளைத்த கதையும் உண்டு. நம் சுக்குட்டிக் கீரைதான். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, கொல்லையில் தானாக வரும்.

கரிசக்காடு:
சுக்குட்டின்னதும் ஞாபகம் வந்தது. தக்காளிப் பைக்குப் பக்கத்துல சுக்குட்டி முளைச்சா விடாதீங்க. தக்காளிக் குடும்பம்தான் அது. வெள்ளை ஈக்கும் மாவுப்பூச்சிக்கும் அது திண்ணை மாதிரி.

நொய்யல்கரை:
பையும் மண்ணும் பற்றி யாரும் பேசவில்லை. ரகத்தை விட இதில்தான் மாடித் தோட்டம் தோற்கிறது.

15க்கு 15 பை சரி, 40 லிட்டருக்கு மேல் கொள்ளும். 12க்கு 12 என்றால் 22 லிட்டர்தான். அதில் செர்ரி தாங்கும், செரோக்கி தாங்காது. ஒரு பைக்கு ஒரு செடி. இரண்டு வைத்தால் இரண்டும் வீண்.

கலவை: செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, பதப்படுத்திய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு, 50 கிராம் எலும்புத் தூள். கரிசல் மண்ணைப் பையில் போடாதீர்கள். நிலத்தில் அருமையான மண், பையில் நனைந்தால் களி, காய்ந்தால் கல்.

'பதப்படுத்திய' என்பதை அழுத்திச் சொல்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் நார்க்கட்டியில் பொட்டாசியமும் சோடியமும் நிறைய இருக்கும். அப்படியே போட்டால் நாம் கொடுக்கும் கால்சியத்தை நார் பிடித்துக்கொண்டு அவற்றை வெளியே விடும். செடிக்கு வர வேண்டிய கால்சியம் வராது. பழத்தின் அடியில் கறுத்துத் தோல் போல உள்ளே போகும் நுனி அழுகல் இதில்தான் தொடங்கும். 5 கிலோ கட்டியை நிறையத் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து இரண்டு மூன்று முறை கழுவுங்கள். பிறகு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து அதில் ஒரு ராத்திரி ஊற வைத்து, மறுநாள் வடித்து ஒருமுறை அலசிவிடுங்கள்.

முட்டை ஓடு போட்டால் போதும் என்பார்கள். அது கரைய மாதக் கணக்காகும், இந்தப் பருவத்துக்கு உதவாது. இலையில் கால்சியம் தெளிப்பதும் பெரிதாகப் பயன் தராது, இலையிலிருந்து பழத்துக்குக் கால்சியம் நகராது. வேர் வழியாகத் தண்ணீரோடுதான் போக வேண்டும். ஆகவே நுனி அழுகல் பாதிக்கு மேல் தண்ணீர் ஒழுங்கின் கோளாறு, உரத்தின் கோளாறு அல்ல.

உங்கள் 1,100 டி.டி.எஸ். தண்ணீர்: ஊற்றலாம், ஆனால் உப்பு பையில் தங்கும். பையின் வெளிப்புறம் வெள்ளை பூத்தால் அதுதான். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சிறுவாணி அல்லது மழைத் தண்ணீர் பைக்கு 10 லிட்டர் நிதானமாக ஊற்றி அடியில் வடிய விடுங்கள். கிடைக்கும் சிறுவாணியை எட்டுப் பைக்கும் தினம் கொஞ்சம் பங்கு வைப்பதை விட இப்படி ஒரே நாளில் கழுவ வைத்துக்கொள்வது நல்லது. புதிய இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து ஏறவில்லை, தண்ணீரின் காரத் தன்மை அதிகம். 10 லிட்டருக்கு 2 கிராம் சிட்ரிக் அமிலத்தில் தொடங்கி, பி.எச். தாளில் 6.5 வரும்வரை பார்த்து ஏற்றுங்கள்.

பேரூர்மாடி:
தினம் எவ்வளவு தண்ணி?

நொய்யல்கரை:
காய் நிற்கும் பருவத்தில், மார்கழி வெயிலுக்கு ஒரு செடிக்கு 2–3 லிட்டர், மாசியில் 4 வரை. காலையில் பாதி, பொழுதோட பாதி. மேலே இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த தென்னை மட்டைத் தூளோ கரும்புச் சோகையோ மூடாக்கு. விரலை விட்டுப் பாருங்கள், இரண்டு அங்குலத்துக்குக் கீழே ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். மழை பெய்த அன்று ஊற்றாமல் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மழைக்கு முந்தைய நாள் பையைக் காய விடாமல் இருப்பதுதான் வெடிப்பைக் குறைக்கும். காய்ந்த வேர் திடீரென்று தண்ணீர் குடித்தால் பழம் உள்ளே உப்பும், தோல் ஈடு கொடுக்காது.

கரிசக்காடு:
பூ வர்ற வரைக்கும் தழைச்சத்தை அள்ளி விடாதீங்க. மீன் அமிலம், கடலைப் புண்ணாக்குக் கரைசல்னு வாரம் ரெண்டு தடவை ஊத்தினா செடி காடாட்டம் நிக்கும், காய் இருக்காது. வாரம் ஒருக்கா, அதுவும் முதல் கொத்து பிஞ்சு பிடிச்ச பொறவு போதும். பஞ்சகவ்யா தெளிக்கறதா இருந்தா 10 லிட்டருக்கு 300 மி.லி. தாண்ட வேண்டாம்.

ஊத்துக்குளிவெண்ணெய்:
கிளை கழிக்கிறதைப் பத்தி. இலைக் கக்கத்துல வர்ற பக்கக் கிளையை எல்லாம் கிள்ளி ஒத்தைத் தண்டா விடறதுதான் படத்துல எல்லாம் வரும். மாடிக்கு இடம் மிச்சம், பழம் பெருசு. நானும் அதைத்தான் சொல்லுவேன்.

தாளவாடிமேடு:
சமவெளி மாடிக்கு அது தவறு. ஒற்றைத் தண்டில் பழத்துக்கு இலை மறைவு போதாது. தை பிற்பகுதி வெயிலிலேயே தோள்பட்டை வெள்ளையாக வெந்து, காகிதம் போலச் சுருங்கும். பச்சைத் தோள் உள்ள செரோக்கிக்கும் கிரிமுக்கும் இது முதலில் வரும். முதல் பூங்கொத்துக்குக் கீழே வரும் கிளைகளை எல்லாம் எடுத்துவிட்டு, அந்தக் கொத்துக்கு நேர் கீழே உள்ள ஒரே ஒரு கிளையை மட்டும் விட்டு இரண்டு தண்டாக வளர்க்க வேண்டும். தரையை ஒட்டிய ஓரடி இலைகளைக் கழிப்பது சரி. பழக் கொத்துக்கு மேலே உள்ள இலையைத் தொடக் கூடாது.

ஊத்துக்குளிவெண்ணெய்:
ரெண்டு தண்டுன்னா பழம் சின்னதாகுமே?

தாளவாடிமேடு:
கொஞ்சம் சிறுக்கும். வெந்த 350 கிராம் பழத்தை விட வேகாத 250 கிராம் பழம் மேல். செர்ரிக்கு மூன்று தண்டு கூட விடலாம். மாசி பிறந்ததும் 35 சதவீத நிழல்வலை போடுங்கள். 50 சதவீதம் போட்டால் செடி நீளும், காய் குறையும்.

கரிசக்காடு:
ஊனறதுக்கு மூங்கில் ஏழடி, பைக்குள்ள மட்டும் சொருகினா காத்துக்குப் பையோட சாயும். கைப்பிடிச் சுவருக்கோ, ரெண்டு பக்கமும் நட்ட இரும்புக் குழாய்க்கோ குறுக்கே கம்பி கட்டி, அதுல இருந்து சணல் கயிறு தொங்க விட்டு, தண்டைக் கயிறு மேல சுத்தி ஏத்துங்க. நைலான் கயிறு தண்டை அறுத்துரும். முடிச்சு தளர்வா, எட்டுப் போட்டாப்ல.

பேரூர்மாடி:
இலைச் சுருட்டு? போன கோடையில் பி.கே.எம். எல்லாம் அதில்தான் போனது.

நாற்றங்கால்:
அதைத்தான் கேட்க வேண்டும். இந்தக் கருந்தக்காளிகள் எதற்கும் இலைச்சுருட்டு நச்சுயிரியை எதிர்க்கும் குணம் கிடையாது. அர்கா ரக்ஷக் போன்ற வீரிய ஒட்டில் அந்த எதிர்ப்பைச் சேர்த்திருக்கிறார்கள். இங்கே நம்மிடம் இருப்பது தடுப்பு மட்டும். வந்த பிறகு மருந்தில்லை.

வெள்ளை ஈதான் பரப்பும். நாற்றுப் பருவத்தில் பிடித்தால் செடி காய்க்காது, காய் நிறைந்த பிறகு பிடித்தால் ஓரளவு எடுத்துவிடலாம். ஆகவே காக்க வேண்டியது முதல் 45–50 நாள். குழித்தட்டை விதைத்த அன்றே அங்குலத்துக்கு 40–50 கண் உள்ள நைலான் வலைக்குள் வையுங்கள், கொசுவலையின் கண் பெரிது, ஈ புகுந்துவிடும். நட்ட பிறகும் மூன்று வாரம் பையைச் சுற்றி அந்த வலை. செடியின் நுனி உயரத்தில் மஞ்சள் ஒட்டுப் பொறி, எட்டுப் பைக்கு இரண்டு. பத்து நாளுக்கு ஒருமுறை வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., கரைய சோப்புக் கரைசல் சில துளி, பொழுதோட, இலையின் அடிப்பக்கம் நனையும்படி. நடு வெயிலில் தெளித்தால் இலை கருகும். நுனி இலை கிண்ணம் போல் மேலே மடங்கிச் சிறுத்து மஞ்சளாகிவிட்டால் அன்றே பிடுங்கிப் பைக்குள் கட்டி வெளியேற்றுங்கள். குப்பை உரக் குழியில் போட வேண்டாம், ஈ அதிலிருந்து பறந்து அடுத்ததற்குப் போகும்.

வெயில் நேரத்தில் மட்டும் கீழ் இலை விளிம்பு மேலே சுருள்வது வேறு, இலை தடித்து அகலமாகவே இருக்கும், நிறமும் மாறாது. அது நச்சுயிரி இல்லை. கொடி ரகங்களில் சகஜம். பதறிப் பிடுங்கிவிடாதீர்கள்.

நொய்யல்கரை:
பச்சையாக இருந்த செடி ஒரே நாளில் துவண்டால் தண்டை அடியில் வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் நனையப் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போல நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் மறுபடி வேண்டாம். நூல் இறங்கவில்லை, வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிறது என்றால் நூற்புழு.

நிலத்தில் இந்த இரண்டும் இருப்பவர்களுக்கு ஒட்டுக் கட்டுவதுதான், அதாவது வேறு செடியின் வேர்த்தண்டில் தக்காளித் தண்டைப் பொருத்துவதுதான் வழி. உலகக் காய்கறி மையம் தக்காளிக்குப் பரிந்துரைப்பது ஈ.ஜி. 203 என்ற கத்தரி வேர். கத்தரி மெதுவாக வளரும், முன்கூட்டியே விதைக்க வேண்டும். இரண்டு தண்டும் ஒரே தடிமனில், 2 மி.மீ. அளவில் இருக்கும்போது சாய்வாக வெட்டிச் சேர்த்து, மெல்லிய ரப்பர் குழாயால் பிடித்து, ஈரம் நிறைந்த நிழல் கூண்டில் ஒரு வாரம். நடும்போது ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். சாதாரணத் தக்காளி போலக் கழுத்து வரை புதைத்தால் தக்காளியே வேர் விட்டு ஒட்டு வீணாகும். எட்டுப் பைக்குப் புது மண் போடுகிறவருக்கு இந்த வேலை தேவையில்லை.

ஊத்துக்குளிவெண்ணெய்:
பறிப்பு. கருந்தக்காளி சிவக்கட்டும்னு காத்திருந்தா அழுகித்தான் விழும். தோளைப் பார்க்காதீங்க, அது கடைசி வரைக்கும் பச்சைதான். அடியைப் பாருங்க. அடியில பழுப்பு ஏறி, கட்டை விரல்ல மெல்ல அமுக்கினா கொடுக்கணும். மழை வர்றாப்ல இருந்தாலோ மயிலோ அணிலோ சுத்திட்டு இருந்தாலோ அடியில நிறம் திரும்பத் தொடங்கின அன்னிக்கே காம்போட பறிச்சு, வீட்டுக்குள்ள நிழல்ல தலைகீழா அடுக்கி வையுங்க. நாலஞ்சு நாள்ல பழுத்துரும், ருசி பெருசா குறையாது. ஃப்ரிட்ஜுல மட்டும் வைக்காதீங்க. மணம் போயிரும்.

நம்ம ஊர்ல இப்ப மயில்தான் பெரிய எதிரி. மஞ்சப் பழத்தை விட்டாலும் விடும், இதை விடாது. கொத்துக்கு ஒரு வலைப் பை கட்டிருங்க.

நாற்றங்கால்:
அதே போல ஒரு பை விதைக்கும் உதவும். விதைக்கு வைக்கும் கொத்தைப் பூ விரியும் முன்பே மெல்லிய துணிப் பையில் கட்டி, தினம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் கொத்தை விரலால் சுண்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்ப்பதுதான், ஆனால் சூட்டில் சூல்முடி மகரந்தக் கூம்புக்கு வெளியே நீண்டுவிடும், மரத்தச்சு வண்டு வந்தால் கலந்துவிடும். உங்கள் மாடியில் பி.கே.எம். 1உம் இருந்தால் கவனம். ஜி.எஃப். ஒடுங்கு குணம், தாய் தந்தை இரண்டிலிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். கலந்த விதையின் முதல் தலைமுறை முழுக்கச் சிவப்பாக வரும். விதைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும். அதிலிருந்து எடுத்த இரண்டாம் தலைமுறையில் நாலில் ஒன்று மறுபடி கறுக்கும்.

விதையைச் சாறோடு டம்ளரில் புளிக்க விடும்போது மூன்று நாள் என்று மேல்நாட்டுக் குறிப்பில் இருக்கும். இங்கே 30 டிகிரியில் ஒன்றரை நாள் போதும், அதற்கு மேல் விட்டால் டம்ளரிலேயே முளைவிடும். கழுவி, காகிதத்தில் அல்ல, தட்டிலோ வலையிலோ நிழலில் காய வையுங்கள். காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பேரூர்மாடி:
ரசத்துக்கு ஆகுமா? வீட்டில் முதல் கேள்வியே அதுதான்.

கரிசக்காடு:
ஆகும், நிறம் புளிக்கரைசலாட்டம் பழுப்பா வரும். பச்சையம் கொதிச்சா அப்படித்தான். புளிப்பும் நாட்டுத் தக்காளி அளவுக்குத் தூக்காது. ரசத்துக்கும் அரிசிம்பருப்புக்கும் பி.கே.எம். இருக்கட்டும். இதைக் கல்லுப்புத் தூவிப் பச்சையா அறுத்துத் தின்னுங்க.

பேரூர்மாடி:
சரிங்க. பிளாக் செர்ரி 3, செரோக்கி 2, ராப்சன் 2, பி.கே.எம். 1 ஒண்ணு. கிரிமையும் இண்டிகோவையும் டப்பாவில் போட்டு வைக்கிறேன். ஆவணி 25 வாக்கில் குழித்தட்டு.

நொய்யல்கரை:
பி.கே.எம்.மைக் கிழக்கு ஓரத்தில் வையுங்கள். குட்டைச் செடி, மேற்கே வைத்தால் சாயங்கால வெயில் தடையில்லாமல் செரோக்கி மேல் விழும். மேற்கு ஓரத்துக்கு மூன்று செர்ரியும்.

தாளவாடிமேடு:
குழித்தட்டில் ஒரு குழிக்கு ஒரு விதை, அரை செ.மீ. ஆழம், 98 குழித் தட்டு. எட்டுச் செடிக்கு ஒவ்வொரு ரகத்திலும் தேவைக்கு இரண்டு மடங்கு போடுங்கள். ஆவணி 25க்குப் போட்டது முளைக்காவிட்டால் புரட்டாசி 10 வரை மறுபடி போட நேரம் இருக்கிறது. அதற்கு மேல் போனால் பெரிய பழ ரகத்தை விட்டுவிட்டுச் செர்ரி மட்டும் போடுங்கள்.